ஒன்பதாவது பாட்டில் ஓர் அபசுரம்

சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது. ஆனால் பியானோ முன்னால் உட்கார்ந்து, வாசிக்காமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள், எனக்குத் தெரிந்து, இவள் ஒருத்திதான்.

பெரிய ஓட்டல். வரவேற்புக் கூடத்தில், லிப்ட்டுக்கும் பெட்டிகள் வைக்கும் அறைக்கும் நடுவே ஒரு கருப்புப் பியானோ. மாலை மூன்று மணிக்குக் கருப்பு உடையில் வந்து உட்காருவாள். எட்டு மணிக்கு எழுந்து போவாள். வாசல்காரர் முதல் துணி வெளுக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் பியானோ அக்கா. வயது ஐம்பதைத் தொட இன்னும் இரண்டு இருந்தது. விரல்கள் நீளம், பேச்சு குறைவு, கோபம் வந்தால் மட்டும் மூக்கு நுனி சிவக்கும்.

விஷயம் இதுதான். அந்தப் பியானோவுக்குள் ஓர் இயந்திரம் இருந்தது. மேனேஜர் தன் போனில் ஒரு பொத்தானைத் தொட்டால், கட்டைகள் தானாகவே இறங்கி ஏறும், மிதியும் தானாகவே அமுங்கும், பாட்டு வரும். இவளை வேலையை விட்டு அனுப்புவதற்காகத்தான் அதை வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, ஆள் இல்லாமல் ஆடும் கட்டைகளைப் பார்த்து விருந்தாளிகள் பயப்படுகிறார்கள் என்பது. ஓர் அம்மாள் பார்த்த மாத்திரத்தில் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டாளாம். உடனே இவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

"வாசிக்க வேண்டாம் மேடம். உக்காந்தா போதும். கையைக் கட்டை மேல வெச்சு அசைச்சுக்கிட்டே இருங்க. தொடலாம், அழுத்தக் கூடாது" என்றார் மேனேஜர்.

கேலிக்கூத்து இத்தோடு முடியவில்லை. இயந்திரத்தில் பதிந்திருந்த வாசிப்பும் இவளுடையதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால், நடு ஜூலையில், விருந்து மண்டபத்தைப் பூட்டிவைத்து, இரண்டு நாள் உட்காரவைத்து, வருஷம் முழுவதற்கும் வேண்டிய பாட்டுகளை இவளிடமிருந்தே வாங்கிக்கொண்டார்கள். அதில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் பதினெட்டு. டிசம்பர் பிறந்தால் அந்தப் பதினெட்டும், ஒன்றன் பின் ஒன்றாக, நாளுக்கு நாலு சுற்று. சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைப்பார்களே, அப்படி இவள் கைக்குக் கீழே கட்டைகள் இறங்கும். பிடித்து எழுத வைப்பது, ஏழு வருஷத்துக்கு முந்தைய இவளே.

விருந்தாளிகள் கைதட்டுவார்கள். "என்ன அழகா வாசிக்கிறீங்க!" என்பார்கள். இவள் தலையைச் சாய்த்துச் சிரிப்பாள். பழைய ஆட்கள் எல்லாம் மாறிப்போன பிறகு, ஓட்டலில் நாடகம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: மேனேஜர், வருஷத்துக்கு ஒருமுறை வரும் மெக்கானிக், வாசல்காரர். வாசல்காரர் வாய் திறக்க மாட்டார். அவருக்கும் வேலை அதேதான்: தானாகத் திறக்கும் கதவுக்குப் பக்கத்தில் நின்று, திறப்பது போல் பாவனை செய்வது.

வீட்டில் புருஷனுக்கும் தெரியும். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்ட பிறகு, வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, மீதி நாலு நாளும் அந்தக் களைப்பு தீர வீட்டில் படுத்திருப்பவர். அந்தச் சிகிச்சை முழுவதும் ஓட்டல் ஊழியர்களுக்கான மருத்துவ ஏற்பாட்டில் நடந்தது. இவள் நாற்காலியைவிட்டு எழுந்தால் அவருடைய ஊசியும் குழாயும் அதோடு எழுந்து போய்விடும். வேறு எந்தப் பூட்டும் இவளுக்குத் தேவைப்படவில்லை.

ராத்திரி இவள் திரும்பியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்குப் பேய் எப்படி வாசிச்சுது?"

"அமர்க்களம். நாலு பேர் கைதட்டினாங்க."

"பேய்க்கு அடுத்த வருஷம் சம்பளம் ஏத்துவாங்களா?"

"பேய்க்குத்தான் ஏத்துவாங்க. எனக்கு ஏத்துவாங்களா?"

இருவரும் சிரிப்பார்கள்.

இவளுடைய நிஜமான வாழ்க்கை என்று ஒன்று உண்டு. அது பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னத் தேவாலயத்தில், வருஷத்துக்கு ஒரே ஒரு சாயங்காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஐந்து மணிக்கு நடந்தது. மூன்று பேர் சேர்ந்து ஜாஸ் வாசிப்பார்கள். டிரம்ஸ், ஒரு பல் டாக்டர். கீழ்ச்சுரங்களில் நடை போடும் பெரிய பேஸ் வாத்தியம், ஆறரை அடி உயரமான ஒருத்தர். பெயர் ஒட்டகம் என்றே நிலைத்துவிட்டது. பியானோ இவள்.

முதல் அடியை எல்லோரும் சேர்ந்து பாடும்படி ஒழுங்காக வாசிப்பார்கள். அப்புறம் அவிழ்த்து விடுவார்கள். பாட்டு அதேதான், ஆனால் யாருக்கும் அடுத்த சுரம் என்ன என்று தெரியாது. அப்படிப் போகும்போது ஏதோ ஓர் இடத்தில் இவளுடைய கைகள் இவளைக் கேட்காமல் போக ஆரம்பிக்கும். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தது போல் இருக்கும். கடவுள் என்று சொல்ல இவளுக்குக் கூச்சம். அதனால் 'அது' என்பாள். "அது வந்துச்சு டாக்டர், கவனிச்சீங்களா?" அவர், "மூளையில ஏதோ சுரக்குதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்பார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருக்கும். அது வந்தால் இவளுடைய வலது குதிகால் தரையில் தட்டத் தொடங்கும். மரத்தரை அதிர்கிறது என்று பாதிரியார் காலுக்குக் கீழே ஒரு பழைய கால்மிதியைப் போட்டு வைத்தார்.

இன்னொரு வழக்கமும் அந்த மூவருக்குள் இருந்தது. யாராவது ஓர் அபசுரத்தில் விழுந்தால் அவரை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. மற்ற இருவரும் அந்தச் சுரத்தைத் தூக்கி எடுத்து, மறுபடி மறுபடி வாசித்து, அது அங்கே பிறந்த பிள்ளைதான் என்று ஆக்கிவிட வேண்டும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் தத்தெடுப்பது. யார் எத்தனை அபசுரம் வாசித்தார் என்று அன்றைக்கு யாருமே சொல்ல முடியாது. எல்லாம் குடும்பத்தில் சேர்ந்திருக்கும்.

ஒட்டகம் வெளிநாடு போனார். புருஷன் படுத்தார். ஓட்டல் ஒப்பந்தத்தில், வேறு எங்கும் வாசிக்கக் கூடாது என்று ஒரு வரி வந்தது. தேவாலயத்தில் அதோடு ஜாஸ் நின்றது. வீட்டுப் பியானோவையும் விற்றாயிற்று. அது இருந்த இடத்தில் மருந்துப் பெட்டிகள். ஏழு வருஷம் ஒரு கட்டையைக்கூட அழுத்தாத கையில் அது இன்னும் மிச்சம் இருக்கிறதா, போய்விட்டதா? இவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயம். போய்விட்டது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எதை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருவது?

இந்த வருஷம் டிசம்பர் நடுவில் பல் டாக்டர் ஓட்டலுக்கு வந்தார். தலை முழுக்க வெளுத்துப்போயிருந்தது. பியானோவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இவள் கைகளைப் பார்க்காமல், தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பாட்டு ஆனதும் எழுந்து கிட்டே வந்தார்.

"நீ வாசிக்கலையேம்மா" என்றார் காதோரம்.

இவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "எப்படித் தெரிஞ்சுது?"

"உன் கால் தட்டலையே."

அந்த நேரம் பார்த்து ஒன்பதாவது பாட்டு ஆரம்பித்தது. தொழுவத்தில் பிறந்த குழந்தையைத் தூங்க வைக்கிற, மெதுவான பாட்டு. இரண்டாவது அடியில், இடது கையில், சம்பந்தமே இல்லாமல் ஒரு கருப்புக் கட்டை அமுங்கியது. டாக்டர் தலை நிமிர்ந்தது.

"என்ன இது?"

"அபசுரம். நான் வாசிச்சதுதான். பதிவு பண்ணிக்கிட்டிருந்தப்போ பியானோ மேல போன் வெச்சிருந்தேன். ரெண்டு கிட்னியும் போச்சுன்னு இவர்கிட்டேருந்து தகவல் வந்துச்சு. கை வழுக்கிடுச்சு. மறுபடி வாசிக்கிறீங்களான்னு கேட்டாங்க. வேணாம், வீட்டுக்குப் போகணும்னு ஓடிட்டேன்."

"யாரும் தத்தெடுக்கலையா?"

"மெஷினுக்கு என்ன தெரியும் டாக்டர்?"

"ஏழு வருஷமா அனாதையாவா கிடக்குது!" என்றார் அவர். ஒரு சுரத்துக்காக அப்படி வருத்தப்பட அவரால் மட்டும்தான் முடியும். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். ஒட்டகம் இந்த வருஷம் திரும்பி வருகிறார். இருபத்துநாலாம் தேதி, அதே தேவாலயம், ஐந்து மணி. "நீ வரணும். ரெண்டு மணி நேரம் லீவு கேளு. தலையையா எடுத்துடுவாங்க?"

கேட்டாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தொலைத்திருப்பாள். தன்மையாக, நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மறுத்தார்.

"இருபத்துநாலா? வருஷத்துலயே கூட்டம் அதிகமான நாள் மேடம்."

"பாட்டுதான் தானா வருமே சார்."

"பாட்டு வரும். ஆள்?" என்றார். "அப்புறம், வெளியில வாசிக்கிறது ஒப்பந்தத்துல கிடையாதே. இருபத்தஞ்சாம் தேதி புதுசா மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணும். இந்த நேரத்துல எதுக்கு மேடம் வம்பு? சார் உடம்பையும் பாக்கணுமில்ல?"

அவர் அக்கறையாகத்தான் சொன்னார். இவளுக்கு மூக்கு நுனி சிவந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தாள்.

அன்று வீட்டில் புருஷன் பேயைப் பற்றிக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்ததுமே, "என்னன்னு சொல்லு" என்றார். சொன்னாள்.

"போ. போய் வாசி. வேலை போனா போகட்டும்."

"வேலை போனா நீங்க?"

"நான் என்ன, டிக்கெட் இல்லாம ஏழு வருஷமா வண்டியில உக்காந்திருக்கேன். எங்கயாவது இறக்கி விடத்தானே போறாங்க."

"உளறாதீங்க."

"உன்னை நான்தான் கட்டிப்போட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஆமாம் என்றுதான் தோன்றியது. இந்த மனுஷர் மட்டும் இல்லையென்றால், என்று மனசு ஓரெட்டு முன்னால் போய்விட்டது. போனதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவருடைய வீங்கிய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுத்திவிட்டாள். "நான் போகல. ஒட்டகம் என்ன, ஓடியா போயிடுவாரு?" என்றாள். அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருபத்துநாலாம் தேதி வரவேற்புக் கூடத்தில் நிற்க இடம் இல்லை. நடுவில் மூன்று ஆள் உயர மரம், அடியில் பஞ்சில் பனி, உள்ளே ஒன்றுமே இல்லாத பரிசுப் பெட்டிகள். அறை கிடைக்காத ஒரு குடும்பம் பெட்டிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வாசல்காரர் போகிற போக்கில், "அக்கா, இன்னிக்கு அந்த மாதாவே வயித்துப் பிள்ளையோட வந்தாலும் நம்மகிட்ட இடம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஆனது. இந்நேரம் ஒட்டகம் சுதி சேர்த்து முடித்திருப்பார். டாக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டியிருப்பார். பியானோ மூடியே கிடக்கும். அந்தக் கால்மிதி அங்கேயே கிடக்குமோ, எடுத்துவிட்டார்களோ? இவள் கைகள் ஏழாவது பாட்டின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. ஓவென்று அழவேண்டும் போல் இருந்தது. எதிரே ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் சிரித்தாள்.

ஐந்து பத்துக்கு ஒன்பதாவது பாட்டு ஆரம்பித்தது. முதல் அடி. இரண்டாவது அடி. இடது பக்கம், சுண்டு விரலுக்குக் கீழே, அந்தக் கருப்புக் கட்டை வழக்கம்போல் தானாக அமுங்கியது.

எத்தனையோ நூறு தடவை கேட்ட சுரம். ஆனால் இன்றைக்கு, அதை வாசித்தவளை இவள் பார்த்தாள். பூட்டிய மண்டபம், நடு ஜூலை, பியானோ மேல் போன் வெளிச்சம், அதைப் பார்த்துவிட்டுக் கை வழுக்கிய ஒருத்தி. அவளை யாரும் கவனிக்கவில்லை. மறுபடி எடுக்கலாமா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

இவளுடைய வலது கை உயர்ந்து, மேலே, தூரத்தில், அதே சுரத்தை அழுத்தியது.

மெதுவாகத்தான் அழுத்தியது. மணி போல் ஒரு சத்தம். இயந்திரம் நிற்கவில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இவள் மறுபடியும் அதே சுரத்தை அழுத்தினாள். மூன்றாம் முறை அதற்குப் பக்கத்துச் சுரம் ஒன்றைத் துணைக்குச் சேர்த்தாள். அமுங்கியிருக்கும் கட்டையை இன்னொருமுறை அமுக்க முடியாது. ஆகவே பழைய கை எங்கெங்கே இறங்கும் என்று தெரிந்து, அது விட்ட இடத்தில் மட்டும்தான் புதிய கை இறங்க வேண்டும். ஏழு டிசம்பர் அதே கையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த இடங்கள் மனப்பாடம். வலது கையால் சந்துகளில் நுழைந்தாள், இடது கையால் கீழே ஒட்டகத்தின் நடையைப் போட்டாள். மூன்றாவது அடியில், பயந்துபோய் அவசர அவசரமாக வாசித்துக்கொண்டிருந்த அந்த ஜூலை மாதத்துக்காரியைச் சுற்றி, பரவாயில்லை, பரவாயில்லை என்று வாசித்தாள். அபசுரம் திரும்பத் திரும்ப வந்தது. இப்போது அது இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை.

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

இவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. கைகள் இவளைக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தன. அடேயப்பா, இருக்கிறாயா, போகவே இல்லையா என்று நெஞ்சு விம்மியது. பளிங்குத் தரையில் குதிகால் தட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு நிமிஷம் இருக்கும். பாட்டு முடிந்து, பத்தாவது பாட்டு சலங்கைச் சத்தத்தோடு குதித்து வந்தது. இவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வாசல்காரர் மட்டும் கதவின் குறுக்கே நின்றுவிட்டதால், அது மூடாமல் குளிர்காற்று உள்ளே வந்து, யாரோ அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவளுக்குக் கண் நிறைந்திருந்தது. மேல்மாடிக் கைப்பிடி அருகே மேனேஜர் போனோடு நின்றதை இவள் பார்க்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு அவரே பியானோவுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். முகமெல்லாம் பல்.

"நேத்து என்ன மேடம் அப்படி வாசிச்சுட்டீங்க! அழுத்தக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன், ஆனா பரவாயில்ல. நல்ல வேளை, வாசிக்கிறதை மெஷின் ரெண்டு மூணு நிமிஷம் தானாவே பிடிச்சு வெச்சிருக்கும், நான் பாதியிலயே பதிவுப் பொத்தானைத் தட்டிட்டேன். எல்லாம் விழுந்திருக்கு. இனிமே ஒன்பதாவது பாட்டு அதுதான். நாலு சுற்றுலயும் போடலாம்."

இவள் பியானோ விளிம்பைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழு வருஷம் கழித்து வந்ததை, வந்த சூடு ஆறுவதற்குள் இவர்கள் பெட்டியில் அடைத்துவிட்டார்கள். நாளுக்கு நாலு சுற்று. மரத்துக்கும் பஞ்சுப் பனிக்கும் நடுவில். இனி அதன் மேலும் கையை வைத்து, அழுத்தாமல், சிரித்துக்கொண்டு உட்கார வேண்டும். இதற்கு நேற்று வாசிக்காமலே இருந்திருக்கலாம். எட்டுப் பாட்டு ஓடி முடியும் வரை, தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது வந்தது. அபசுரம் அமுங்கியது. மேலே மணி போல் அதன் பதில். அப்புறம் எல்லாமே வந்தன: பக்கத்துச் சுரம், ஒட்டகத்தின் நடை, சந்துகளில் நுழைந்த வலது கை. ஒன்று விடாமல், ஒரு மயிரிழை பிசகாமல், கட்டைகள் தாமாக இறங்கி ஏறின. நாலு கைகள் வாசிக்கிற மாதிரி இருந்தது. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மூன்றாவது அடி முழுவதும் கேட்டாள்.

எல்லாச் சுரமும் இருந்தது. அது இல்லை.

மறுபடி உன்னிப்பாகக் கேட்டாள். இல்லவே இல்லை. நன்றாக வாசிக்கப்பட்ட ஒரு பாட்டு, அவ்வளவுதான். இவ்வளவு செலவு செய்து, சிவப்புப் பொத்தானெல்லாம் தட்டி, இவர்கள் பிடித்தது காலி நாற்காலியைத்தான். உட்கார்ந்தவர் எழுந்து போயிருந்தார். இவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சந்தோஷமா மேடம்?" என்றபடி மேனேஜர் ஒப்பந்தத்தைப் பியானோ மேல் விரித்தார். மூன்று வருஷம். மூன்று முதல் எட்டு. தொடலாம், அழுத்தக் கூடாது. இந்த முறை அதை எழுத்திலேயே போட்டிருந்தார்கள். வேறு எங்கும் வாசிக்கக் கூடாது. குடும்பத்தாருக்கு மருத்துவம் உண்டு.

பேனாவை வாங்கினாள். இயந்திரம் கடைசி அடிக்கு வந்திருந்தது. இப்போது அந்தப் பாட்டில் விரல் நுழையச் சந்தே மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் இவளே நிரப்பிவிட்டாள். கைகளுக்கு வேலையும் இல்லை, அனுமதியும் இல்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மூன்று தாள், மூன்று கையெழுத்து.

தாள்களை அடுக்கிக்கொண்டே மேனேஜர் கீழே குனிந்து பார்த்தார். "என்ன மேடம், கால் இப்படி ஆடுது? வலியா?"

பளிங்கில் குதிகால் தட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா சார்" என்றாள். "ரொம்ப நாள் உக்காந்துட்டேன்."